அறுத்தபின் தண்ணீர்

தியானப் பகுதி: சங்கீதம் 72:1-14



பிசான அறுவடை முடிந்து, வயல்களெல்லாம் தாள்களோடு நிற்கும் மாசி மாதத்தில் இருக்கிறோம். லெந்து நாட்களும் தொடங்கிவிட்டன. இந்த வாரம் உங்களோடு புல்லைப்பற்றிப் பேச விரும்புகிறேன். எந்தப் புல்லை, எப்போது, எப்படி நட வேண்டும், நட்டபின் எப்படிப் பேண வேண்டும் என்பதே பொருள். மாடு வளர்க்காதவர்களும் இறுதிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

நம் சபையைச் சேர்ந்த ஒரு வாலிபர் நியூசிலாந்தில் ஒரு பால்பண்ணையில் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்தவர் ஆராதனை முடிந்ததும் என்னிடம், "ஐயா, அங்கே மாடுகளுக்கெல்லாம் ரை புல்தான். அந்த விதை கொஞ்சம் அனுப்பினால் அம்மாவுடைய மாட்டுக்கு இங்கே முளைக்குமா?" என்று கேட்டார். தாயின்மேலுள்ள அன்பினால் பிறந்த கேள்வி அது. ஆகவே அதற்கு முழுமையாக விடை சொல்வது கடமை என்று எண்ணினேன்.

ரை புல் குளிர்நாட்டுப் புல். அந்நாடுகளில் கோடையின் வெப்பம் தணிந்து இலையுதிர்காலம் பிறக்கும்போது அதை விதைப்பார்கள். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் அதனோடு வெள்ளைக் குளோவர் என்னும் பயறுவகைச் செடியையும் சேர்த்து வளர்க்கிறார்கள். அச்செடி காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. நம் நாட்டில் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் ரை புல் வளரும். ஆனால் தாமிரபரணிச் சமவெளியில், பங்குனி வெயில் ஏறும்போதே அது தளர்ந்துவிடும். ஒவ்வொரு புல்லுக்கும் அதற்குரிய மண்ணையும் காலத்தையும் சிருஷ்டிகர் நியமித்திருக்கிறார். பொதிகையின் அடிவாரத்திற்கு வேறு புல் உண்டு.

அதைச் சொல்லுமுன், ஏன் இந்தக் கவலை என்பதைச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்களின் காலத்தில் காரும் பிசானமும் அறுத்தால் வீட்டுக்கு வீடு வைக்கோல் படப்பு எழும்பும். ஆண்டு முழுவதும் மாட்டுக்கு அதுவே ஆதாரம். இன்று இயந்திரம் அறுக்கிறது, இன்னொரு இயந்திரம் வைக்கோலை உருளைகளாகக் கட்டுகிறது, அந்தக் கட்டுகள் லாரியேறிச் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. வயல் உள்ளவருக்கு அது வருமானம். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வயல் இல்லாமல் ஒரு மாட்டை மட்டும் வைத்திருக்கும் குடும்பம், முன்பு கூலியோடு வைக்கோலும் பெற்றது. இன்று அதை விலைகொடுத்து வாங்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் நிற்கும் பங்குனி, சித்திரையில் வரப்புப் புல்லும் காய்ந்துவிடும். அந்த இரண்டு மாதங்களில்தான் நம் ஊர்களில் மாடுகள் தரகர் கைக்குப் போகின்றன. போகிற மாடு பெரும்பாலும் ஒரு விதவையின் மாடாகவோ, நோயாளி இருக்கும் வீட்டின் மாடாகவோ இருக்கிறது.

ஆகாப் ராஜாவின் நாட்களில் பஞ்சம் கடுமையானபோது, ராஜாவே தன் அரண்மனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியாவோடு ஊற்றுகளையும் ஆறுகளையும் தேடி, குதிரைகளுக்குப் புல் கிடைக்குமா என்று அலைந்ததாக 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. புல் இல்லாதபோது அரசனும் நடக்க வேண்டியிருந்தது. ஒரு பசுவை நம்பி வாழும் தாயின் நடை எவ்வளவு நீளம் என்று எண்ணிப்பாருங்கள்.

இனி நமக்குரிய புல்லுக்கு வருவோம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ஆம் ஆண்டில் கோ 4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையும், அதன்பின் 2012-இல் கோ 5 என்பதையும் வெளியிட்டது. நம் நாட்டுக் கம்பையும், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நேப்பியர் என்னும் யானைப்புல்லையும் இணைத்து உண்டாக்கியது இந்தப் புல். தண்ணீர் வசதி இருந்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் இதை நடலாம். ஆயினும் நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்டால் கரணை அழுகும். சித்திரை வெயிலில் நட்டால் துளிர் கருகும். மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மீந்திருக்கும் இந்த மாசியும், பிறகு ஆடி, ஆவணியும் ஏற்ற காலம். இப்போது நட்டால் வைகாசித் தொடக்கத்தில் முதல் அறுப்பு கிடைக்கும்.

நிலத்தை நன்றாகக் கொத்தி, மக்கிய தொழுவுரம் இட்டு, பார் பிடியுங்கள். ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஒரு சென்ட்டுக்கு அது ஏறக்குறைய 100 கிலோ. பாருக்குப் பார் 50 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அந்தக் கணக்கில் ஹெக்டேருக்கு 40,000 கரணை, சென்ட்டுக்கு 160 கரணை வேண்டும். இரண்டு கணு உள்ள தண்டை எடுத்து, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலும் இருக்கும்படி நடுங்கள். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன்பின் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதும். இருபதாம் நாளில் ஒரு களை எடுங்கள். முப்பதாம் நாளில் மேலுரம் இடுங்கள். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் விதைத்தால், அந்நிய தேசத்தில் குளோவர் செய்யும் வேலையை இங்கே அது செய்யும்.

நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். தரையிலிருந்து நாலைந்து விரற்கடை விட்டு அறுங்கள். முற்றட்டும் என்று காத்திருந்தால் தண்டு கட்டையாகி, மாடு இலையைத் தின்று தண்டை ஒதுக்கிவிடும். ஆராய்ச்சி நிலையத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 380 டன் வரை விளைந்திருக்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் அதில் பாதி விளைந்தாலும், ஐந்து சென்ட் இடம் நாளொன்றுக்குப் பத்து கிலோ பசும்புல் தரும். ஒரு மாட்டின் முழுத் தேவை அதனால் தீராது. ஆனால் வைக்கோல் வாங்கும் செலவு கணிசமாகக் குறையும். கிணற்றடியிலும் குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கத்திலும் நட்டால், வாய்க்கால் அடைத்த நாட்களிலும் பச்சை இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்தப் புல்லில், இளம்பருவத்தில் சிறப்பாக, ஆக்சலேட் என்னும் பொருள் இருக்கிறது. அது மாட்டின் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கும். ஆகவே 45 நாளுக்கு முன் அறுக்க வேண்டாம். அகத்தி, வேலிமசால் போன்ற பயறுவகைத் தழையை ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோவாவது சேர்த்துக் கொடுங்கள், அல்லது தாது உப்புக் கலவை கொடுங்கள். இரண்டாவது, நீர் தேங்கும் பள்ளத்தில் நட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது, வைக்கோல் படப்புகள் மிதந்து போனதை நாம் கண்டோம். பள்ளத்தில் நின்ற புல் அழுகியது. மேட்டில் நின்ற புல் சேறுபூசிக் கிடந்தது. அந்தச் சேற்றுத்தழையை அறுத்தெறிந்து விட்டபின், மூன்றாம் வாரத்தில் பச்சை துளிர் வெளியே வந்தது. அந்த நாட்களில் மாடு பிழைத்த வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று கரையோரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ, இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேளுங்கள்.

இதுவரை சொன்னதில் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்றை இன்னும் சொல்லவில்லை. இந்த ஒட்டுப்புல் விதை பிடிப்பதில்லை. கதிர் வரும், ஆனால் அதில் முளைக்கும் மணி இராது. கடையில் ஒரு பொட்டலம் வாங்கி விதைக்க முடியாது. ஒருவர் தோட்டத்தில் நிற்கும் தூரை வெட்டி அடுத்தவருக்குக் கொடுத்தால் மட்டுமே அது பரவும். இன்று மாவட்டமெங்கும் நிற்கும் ஒவ்வொரு தூரும், யாரோ ஒருவர் வெட்டிக் கொடுத்த தண்டிலிருந்து வந்தது.

இனி நம் தியானப் பகுதிக்கு வருவோம். சங்கீதம் 72 நீதியுள்ள ராஜாவைப் பற்றிப் பாடுகிறது. அவன் எளியவனுக்கு நியாயம் செய்வான், உதவியற்றவனை விடுவிப்பான் என்று சொல்லிக்கொண்டே வரும் சங்கீதக்காரன், ஆறாம் வசனத்தில் அந்த ராஜாவின் வருகையை மழைக்கு ஒப்பிடுகிறான். எந்த நிலத்தின்மேல் பெய்யும் மழை என்பதைக் கவனியுங்கள். விதைத்த வயலையோ கதிர் வாங்கிய வயலையோ அவன் குறிப்பிடவில்லை. புல் அறுக்கப்பட்ட வெளியைக் குறிப்பிடுகிறான். எபிரெயத்தில் அங்கே 'கேஸ்' என்ற சொல் நிற்கிறது. ஆட்டின் மயிரைக் கத்தரிப்பதற்கும் அதே சொல்தான். உபாகமம் 18:4-இல் அந்தப் பொருளில் வருகிறது. ஆகவே பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ஆட்டுமயிர் என்றே மொழிபெயர்த்தது. ஆமோஸ் 7:1-இலோ அது ராஜாவுக்காகச் செய்யப்படும் புல்லறுப்பைக் குறிக்கிறது. எப்படி எடுத்துக்கொண்டாலும், தன்மேல் இருந்ததையெல்லாம் இழந்து வெறுமையாய் நிற்கும் ஒன்றின்மேல் பெய்யும் மழை அது.

புல் வளர்த்தவர்களுக்கு இது விளங்கும். அறுத்த நாளில் தூர் பரிதாபமாக நிற்கும். இலை இல்லை, வெயில் நேராக அடிக்குருத்தில் விழும். அந்த நாளில் விடும் தண்ணீர்தான் அடுத்த 45 நாள் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. அறுத்தவுடன் தண்ணீரும் உரமும் கொடுங்கள் என்று வேளாண் அறிஞர்கள் சொல்வது அதனாலேதான். நிமிர்ந்து நிற்கும் புல் ஒரு தண்ணீர் தவறினாலும் தாங்கும். அறுபட்ட தூர் தாங்காது.

நம் மொழியில் இந்த அறுப்பு என்னும் சொல் வேறொரு இடத்திலும் வழங்குகிறது. கணவனை இழந்த பெண்ணை 'அறுதலி' என்று ஏசும் கொடிய வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. தாலி அறுந்தவள் என்பது பொருள். என் தாய் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு சிற்றூரில் நாங்கள் இருந்தோம். எனக்குப் பத்து வயதாயிருக்கும்போது தகப்பனார் இறந்தார்கள். வீட்டில் ஓர் எருமை இருந்தது. தாய் விடியுமுன் பண்ணரிவாளை எடுத்துக்கொண்டு பிறர் வயல் வரப்புகளில் அருகும் கோரையும் அறுத்து வருவார்கள். ஒருநாள் வயல்காவல் செய்தவர் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, காலையில் முகத்தில் விழித்ததற்காக அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பினார். தாய் வெறுங்கையோடு வந்து, அடுப்படியில் அமர்ந்து வெகுநேரம் பேசாதிருந்தார்கள்.

தகப்பனாரின் அடக்க ஆராதனைக்கு ஊரே வந்தது. ஆறுதல் கூட்டத்தில் பலர் பேசினார்கள். நல்ல வார்த்தைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஒன்றும் எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது பக்கத்து வீட்டு ஆச்சி. எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நாள்தோறும் மாலையில் தங்கள் வீட்டுக் கழுநீரோடு இன்னும் நாலு வீட்டுக் கழுநீரையும் சேர்த்து ஒரு பானையில் கொண்டுவந்து எங்கள் எருமைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அதில் கிடந்த சோற்றுப் பருக்கையும் காய்கறித் தோலும் எருமைக்குத் தீனி. ஆச்சி உட்கார்ந்து ஆறுதல் சொன்னதில்லை. "எருமைக்கு ஊத்திட்டேன் தாயி" என்பார்கள், அவ்வளவுதான். நான் பள்ளி முடிக்கும்வரை அந்தப் பானை வந்தது. அந்தப் பாலில் படித்தவன் நான். இறையியல் கல்லூரிக்கு நான் புறப்பட்டபோது பெட்டி வாங்கிய பணமும் அந்தப் பால்பணமே. சங்கீதம் 72:6-க்கு எத்தனையோ வியாக்கியானங்களைப் பிற்பாடு வாசித்திருக்கிறேன். அவற்றை வாசிக்கும்போதெல்லாம் என் மனக்கண்ணில் அந்தத் தொட்டியே நிற்கிறது.

அன்பானவர்களே, அறுத்தது யார், ஏன் அறுத்தார் என்ற கேள்வியோடு பலர் என்னிடம் வருகிறீர்கள். இந்த வசனம் அதற்கு விடை சொல்லவில்லை. மழை யாரிடமிருந்து வருகிறது, அது எங்கே முதலாவது விழுகிறது என்பதை மட்டும் சொல்லுகிறது. அந்த மழைக்குக் கர்த்தர் நம் கைகளையும் பயன்படுத்துகிறார். மரணம் நேரிட்ட வீட்டுக்கு நாம் முதல் வாரத்தில் கூட்டமாய்ப் போகிறோம், அது நல்லது. ஆனால் மூன்றாம் மாதத்தில் அந்தப் படி ஏறுகிறவர்கள் யார்? உறவினர் ஊருக்குத் திரும்பி, கடன்காரர் வரத் தொடங்கி, மாட்டை விற்றுவிடலாமா என்று தனியாக எண்ணும் அந்த நாளில் யார் அங்கே இருக்கிறார்கள்?

நீதிமொழிகள் 27-இன் கடைசி வசனங்களை வீட்டில் வாசித்துப் பாருங்கள். உன் மந்தையின் நிலையை நன்றாய் அறிந்துகொள் என்ற புத்திமதியில் தொடங்கி, முதல் புல் நீங்கியபின் இளம்புல் தோன்றுவதையும், முடிவில் வீட்டாருக்கும் வேலைக்காரிகளுக்கும் பால் கிடைப்பதையும் ஞானி வரிசையாய்ச் சொல்லுகிறான். புல்லைக் கவனிப்பதில் தொடங்கும் காரியம் வேலைக்காரியின் கிண்ணத்தில் முடிகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். குருமனைக்குப் பின்னால் கிணற்றையொட்டிய எட்டு சென்ட் இடத்தில், கடந்த ஆவணியில் வாலிபரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் சேர்ந்து நட்ட புல் தூர்கட்டி நிற்கிறது. கரணைக்கென்று இரண்டு வரிசைகளை அறுக்காமல் முற்றவிட்டிருக்கிறோம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சாக்கும் கயிறும் கொண்டுவாருங்கள். சபையார் மட்டுமல்ல, அயலாரும் வரலாம், விலை கிடையாது. பெற்றுக்கொள்பவர் தம் புல் வளர்ந்தபின் இன்னொருவருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை. நட இடமில்லாமல் மாடு வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு அறுப்பிலும் தம் பங்கைக் குருமனையில் வந்து கட்டிக்கொண்டு போகலாம்.

மாடும் நிலமும் இல்லாதவர்களுக்கு அடுத்த வேண்டுகோள். சென்ற ஐப்பசி முதல் இதுவரை நம் சேகரத்தில் ஆறு வீடுகளில் அடக்கம் நடந்தது. அவை எந்த வீடுகள் என்று உங்களுக்குத் தெரியும். இந்த லெந்து நாட்களில் அவற்றில் ஒரு வீட்டைத் தெரிந்துகொண்டு, வாரம் ஒருமுறை போங்கள். நீண்ட ஜெபம் செய்ய வேண்டுமென்பதில்லை. ரேஷன் கடைக்குப் போய்வர ஆள் வேண்டுமா, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டுமா, ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதித்தர வேண்டுமா என்று கேட்டு, அதைச் செய்துவிட்டு வாருங்கள். உயிர்த்தெழுதல் பண்டிகைக்குப் பின்னும் நிறுத்திவிடாதீர்கள். பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் என்பது புல்லுக்கு எழுதிய கணக்கு. மனிதருக்கு அதைவிடக் குறைவாய் இருக்கலாகாது.

நியூசிலாந்து சென்ற தம்பிக்கு ஒரு செய்தி: உங்கள் அம்மா 300 கரணை கேட்டிருக்கிறார்கள், எடுத்து வைத்திருக்கிறோம்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, மிருகங்களுக்குப் புல்லை முளைப்பிக்கிறவரே, இந்தப் பள்ளத்தாக்கையும் இதன் ஆற்றையும் எங்களுக்குத் தந்ததற்காக ஸ்தோத்திரம். இந்த ஆண்டில் அறுப்புண்டு நிற்கும் வீடுகளை நீர் அறிவீர். அவர்கள்மேல் உமது மழை இறங்கட்டும். அது இறங்கும் வழியாக எங்கள் கைகளையும் கால்களையும் எடுத்துக்கொள்ளும். இயேசுகிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.